ஆசிரியர் கை படாதது

ஓவிய டீச்சர் அந்தத் தொடக்கப் பள்ளியில் ஒன்பது வருடமாகத் தற்காலிகமாக இருந்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது வயிற்றில் இருந்த மகன் பிறந்து, தவழ்ந்து, நடந்து, அம்மாவை எதிர்த்துப் பேசும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். தற்காலிகம் மட்டும் வளரவில்லை, தேயவுமில்லை. ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வரும். அதில் "அடுத்த ஓராண்டுக்கு மட்டும்" என்று இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். நாற்பத்து மூன்று வயதில் வேறு எந்தப் பள்ளிக்கூடத்துக் கதவைத் தட்டுவது என்ற கேள்வியை அவள் ஓராண்டுக்குத் தள்ளிவைப்பாள்.

இந்த வருடம் தாள் சீக்கிரமாகவே வந்துவிட்டது. தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"உட்காராதீங்க டீச்சர், நின்னுக்கிட்டே கேளுங்க. உட்கார்ந்து கேட்டா அப்புறம் எழுந்திருக்க மாட்டீங்க."

ஓவிய டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கலை மேம்பாட்டுக் குழு வருது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க வரையற படங்களைப் பார்த்து மார்க் போடப்போறாங்க. நல்ல மார்க் வந்தா ஓவிய டீச்சர் போஸ்ட் நிரந்தரம். வரலைன்னா போஸ்ட்டே கிடையாது. ரெண்டுல ஒண்ணு. இந்தத் தற்காலிகம் கதையெல்லாம் இதோட சரி."

"வரைஞ்சுடலாம் மேடம். எங்க பிள்ளைங்க நல்லா வரைவாங்க."

"நல்லா வரையக் கூடாதாம். சுற்றறிக்கையைப் படிங்க."

படித்தாள். "முதல் வகுப்பு மாணவர்கள் சுதந்திரமாகவும், தன்னிச்சையாகவும், ஆசிரியர் கை சிறிதும் படாமலும், இணைப்பில் கண்டுள்ளபடி வரைதல் வேண்டும்" என்று இருந்தது. இணைப்பு பதினான்கு பக்கம். வீடு ஒன்று, கதவு நடுவில், ஜன்னல் இரண்டு. மரம் ஒன்று. குடும்பத்தினர் நால்வர், கைகோத்த நிலையில், அனைவரும் புன்னகையுடன். வலப்பக்க மூலையில் சூரியன், அதற்கும் புன்னகை, கதிர்கள் ஒன்பதுக்குக் குறையாமல் பதினொன்றுக்கு மிகாமல். குழந்தைத்தன்மைக்குரிய பிழைகள் படமொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று. ஓவியத்தின் கீழே குழந்தை தன் பெயரைத் தன் கையாலேயே பென்சிலால் எழுத வேண்டும். பெயர் விஷயத்தில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

ஓவிய டீச்சர் சுற்றறிக்கையில் சுதந்திரமாக என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்பாவி. பதினான்கு பக்க இணைப்பை எவனோ வேலைவெட்டி இல்லாமல் எழுதியிருப்பான், முன் பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம் என்று நினைத்துவிட்டாள். அரசாங்கத் தாளைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும் என்பது ஒன்பது வருடத்தில் அவளுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் தாளும் வண்ணமும் கொடுத்து, "உங்க வீட்டை வரைங்க, உங்களுக்குத் தோணுற மாதிரி" என்றாள். வகுப்பறை அமளிதுமளிப்பட்டது. தரையெல்லாம் மஞ்சள், சுவரெல்லாம் கை. நாற்பது நிமிடத்தில் ஒரு குழந்தையும் தண்ணீர் குடிக்கவோ ஒன்றுக்குப் போகவோ அனுமதி கேட்கவில்லை. அது ஒன்றே போதும், பள்ளி வரலாற்றில் எழுதிவைக்கலாம்.

சிட்டு என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு பெண், தாள் முழுவதையும் கறுப்பாக அப்பிவிட்டுக் கொண்டுவந்து காட்டினாள்.

"வீடு எங்கடா கண்ணு?"

"உள்ள இருக்கு டீச்சர். கரண்ட் போயிடுச்சு."

வாத்து மாதிரி நடப்பதால் வாத்து என்று பெயர் வாங்கிய பையன் அப்பாவை வரைந்திருந்தான். தாளின் நடுவில் ஒரு வட்டம், அதில் நான்கு புள்ளி. "அப்பா ரொம்பப் பெரிசு டீச்சர். சட்டைப் பட்டன் மட்டும்தான் பேப்பர்ல பிடிச்சுது." எப்போதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் இன்னொருவன் தண்ணீரை ஊற்றித் தேய்த்துத் தேய்த்துத் தாளையே ஓட்டை போட்டுவிட்டான். ஓட்டைக்குள்ளே விரலை விட்டு ஆட்டினான். "கூரை ஒழுகுது டீச்சர்."

ஓவிய டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்ததாலா அழுததாலா என்று அவளுக்கே தெரியவில்லை. முப்பத்தெட்டையும் கொடியில் துணி காயப்போடுவது போலக் கயிறு கட்டிக் காயவைத்தாள். நிரந்தரம் கையில் வந்த மாதிரியே இருந்தது.

குழு வருவதற்கு மூன்று வாரம் முன்னால் முன்னாய்வு அலுவலர் வந்தார். அவர் கையில் ஒரு ஸ்கேல் இருந்தது. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று அளந்தார், எண்ணினார், எழுதினார். கறுப்புப் படத்தின் முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார்.

"சூரியன்?"

"அது ராத்திரி சார். கரண்ட் இல்ல."

"கரண்ட் இல்லாததுக்குத் தனித் துறை இருக்கும்மா. நாங்க கலை. இந்தப் பொண்ணுக்கு வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்லைங்க சார், ரொம்பச் சந்தோஷமான பொண்ணு."

"சந்தோஷம் இருந்தா கதிர் இருக்கணும். குறைஞ்சது ஒன்பது." பட்டன் படத்துக்கு வந்தார். "குடும்பத்தினர் நால்வர்னு போட்டிருக்கு. இங்க ஆளே இல்லையே?"

"நாலு புள்ளி இருக்கு சார்" என்றாள் ஓவிய டீச்சர், ஈனசுரத்தில்.

"கைகோத்திருக்கா?"

முப்பத்தெட்டுப் படத்துக்கும் ஒரே குறிப்பு எழுதினார்: "குழந்தைத்தன்மை போதாது." போகும்போது தலைமையாசிரியையிடம், "பிள்ளைங்க ரொம்பத் தன்னிஷ்டத்துக்கு வரையறாங்க. இப்படியே விட்டா சுதந்திரமா வரையறது எப்படின்னே தெரியாம வளர்ந்துடுவாங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் தலைமையாசிரியை, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "டீச்சர், ஆசிரியர் கை படக் கூடாது. ஆனா படம் இணைப்பில் கண்டுள்ளபடி இருக்கணும். நடுவுல நீங்க என்ன பண்ணுவீங்களோ, எனக்குத் தெரியவே வேண்டாம். எனக்குத் தெரியலைங்கறதை எழுதியும் வெச்சுட்டேன்." எழுதிவைத்த தாளைக் காட்டினார். தேதி போட்டு முத்திரை குத்தியிருந்தது.

முதலில் ஓவிய டீச்சர் நேர்மையாகத்தான் முயன்றாள். பலகையில் ஒரு வீடு, ஒரு மரம், சிரிக்கிற சூரியன் வரைந்து, "இதைப் பார்த்து வரைங்க" என்றாள்.

"சூரியனுக்கு யாரு டீச்சர் கிச்சுக்கிச்சு மூட்டுனது?" என்றான் வாத்து.

மூக்குறிஞ்சி கதிர் போட ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. தாள் தீர்ந்து பெஞ்சுக்குப் போய், பெஞ்சிலிருந்து பக்கத்துப் பையன் முழங்கைக்குப் போய்விட்டது. சிட்டு அச்சுப் பிசகாமல் வீடும் மரமும் நால்வரும் வரைந்து முடித்தாள். ஓவிய டீச்சருக்கு உயிர் வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் சிட்டு தூரிகையைக் கறுப்பில் தோய்த்தாள்.

"வேணாம்டா தங்கம், வேணாம்!"

"கரண்ட் போயிடுச்சே டீச்சர்" என்றாள் சிட்டு, வருத்தத்தோடு.

இரண்டு வாரம்தான் இருந்தது. ஓவிய டீச்சருக்குப் பித்துப் பிடித்தது போல ஆகிவிட்டது. கடைசியில் எந்த ஓவிய டீச்சரும் செய்வதைத்தான் செய்தாள். தானே உட்கார்ந்து வரைந்தாள். முதல் படத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது தலைமையாசிரியை, "நான் எதையும் பார்க்கலை" என்று சொல்லிவிட்டு நன்றாகப் பார்த்தார். "இது ஓவிய டீச்சர் வரைஞ்ச மாதிரி இருக்கே. கோடு நடுங்கவே இல்ல. மாட்டிக்குவீங்க."

அதனால் இடது கையால் வரைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பழகினாள். பஸ் ஓட்டுகிற அவள் கணவர், கை கழுவி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கையில என்ன அடி?"

"அடியெல்லாம் இல்ல. பிள்ளைங்க மாதிரி வரையணும்."

"அதுக்குத்தான் பிள்ளைங்க இருக்காங்களே?"

"அவங்க பிள்ளைங்க மாதிரி வரைய மாட்டேங்கறாங்க."

அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். "என் வேலையில இந்தத் தொந்தரவு இல்ல. பஸ்ஸு பஸ்ஸு மாதிரிதான் போகும்" என்றார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கேலியை நிறுத்தி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தானும் கதிர் எண்ணிக்கொடுத்தார். "இதுல பன்னிரண்டு இருக்கு. ஒண்ணை அழி."

பள்ளிக்கூடத்தில் குழு வருகைக்காகச் சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்துவிட்டார்கள். இனி வகுப்பறையில் பிள்ளைகள் வண்ணத்தைத் தொடக் கூடாது என்று உத்தரவு. ஆகவே ஓவிய வகுப்பு இப்படி நடந்தது: முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஓவிய டீச்சர் இடது கையால் வரைவாள். ஒரு படம் முடிந்ததும் ஒரு பிள்ளையைக் கூப்பிடுவாள். அது வந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, கீழே பென்சிலால் தன் பெயரை எழுதிவிட்டுப் போய் மறுபடி கையைக் கட்டிக்கொள்ளும். முதல் நாள் நிறையக் கேள்வி வந்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. வாத்து ஒருநாள் தூங்கிவிட்டான். ஓவிய டீச்சர் அவனை எழுப்பவில்லை. எழுப்பி என்ன சொல்வது என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நிரந்தரம் ஆகட்டும், எல்லாவற்றையும் சரி செய்துவிடலாம் என்று தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நிரந்தரம் ஆன மறுநாளே வண்ணத்தைத் திறந்துவிடலாம். சுவர் நாசமாகப் போகட்டும்.

குழு மூன்று பேராக வந்தது. தலைவர் ஒருவர், குழந்தை ஓவிய வல்லுநர் ஒருவர், இருவரும் சொல்வதை எழுதிக்கொள்ள ஒருவர். வல்லுநர் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பிள்ளைங்களை வெளிய அனுப்பிடுங்க. அவங்க இருந்தா குழந்தை ஓவியம் சரியாத் தெரியாது."

பிள்ளைகள் மைதானத்துக்கு ஓட்டப்பட்டார்கள். வல்லுநர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்தார். நான்காவது படத்தின் முன்னால் அவர் நின்றுவிட்டார். சமையல் சரியில்லை என்று கணவரோடு சண்டை போட்டுவிட்டு வந்த அன்று அவள் வரைந்த படம் அது.

"ஆகா" என்றார் வல்லுநர். "இந்தக் குழந்தைக்கு அஞ்சே கால் வயசு. வீட்டுக்கு ரெண்டாவது பிள்ளை. அப்பாவைப் பார்த்தா பயம், ஆனா பாசம். கதவு ஒரு பக்கமா சாஞ்சிருக்கு பாருங்க. அதுல இருக்கற அந்த வெகுளி இருக்கே, அதை எந்தப் பெரியவராலும் கொண்டுவர முடியாது. நான் முப்பது வருஷமா இதை ஆராய்ச்சி பண்றேன். குழந்தைங்களோட பழகத்தான் நேரம் கிடைக்கல. கிடைக்காததும் நல்லதுதான், பழகியிருந்தா நடுநிலைமை போயிருக்கும்."

தலைவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். "என் பேரனும் இப்படித்தான் வரைவான். இப்ப அவனை டியூஷன்ல சேர்த்துட்டோம், நேரமில்ல" என்றார்.

எழுதுகிறவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

முப்பத்தெட்டுப் படத்துக்கும் முழு மதிப்பெண். பிழைகூட ஒவ்வொன்றிலும் இரண்டோ மூன்றோ, கணக்காக இருந்தது. தலைமையாசிரியை அறையில் தேநீர் வந்தது. ஓவிய டீச்சரை உள்ளே கூப்பிட்டார்கள். இந்தத் தடவை உட்காரவும் சொன்னார்கள். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும், முதலில் மகனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அருமை" என்றார் தலைவர். "ஆசிரியர் கையே படலை. தடயமே இல்ல. வல்லுநர் சாரே, ஆசிரியர் தலையீடு எவ்வளவு போட்டீங்க?"

"பூஜ்யம்."

"பூஜ்யம்! இதுவரைக்கும் நாங்க பார்த்த பள்ளிக்கூடத்துலயே இதுதான் முதல் பூஜ்யம். ஓவிய ஆசிரியர் எதுவுமே செய்யாமலே இந்தப் பிள்ளைங்க இவ்வளவு அருமையா வரையறாங்க. அதனால இந்தப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் தேவையில்லைன்னு குழு ஒருமனதா முடிவு பண்ணியிருக்கு. உங்களுக்குப் பெருமையான விஷயம்மா இது. பாராட்டுப் பத்திரம் தனியா வரும். இன்னையிலிருந்து நீங்க விடுவிப்பு."

ஓவிய டீச்சர் தலைமையாசிரியையைப் பார்த்தாள். அவர் தேநீர்க் கோப்பைக்குள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"சார்" என்றாள். "சார், அதெல்லாம் நான் வரைஞ்சது."

"எதெல்லாம்?"

"முப்பத்தெட்டும். என் கையால, இந்த இடது கையால. பிள்ளைங்க பேர் மட்டும்தான் எழுதினாங்க. நான் பண்ணினது தப்புதான் சார். மோசடின்னு எழுதிக்குங்க. தண்டனை குடுங்க. ஆனா ஒண்ணுமே செய்யலைன்னு மட்டும் எழுதாதீங்க. ரெண்டு வாரமா நான் ஒருத்திதான் சார் செஞ்சேன்."

தலைமையாசிரியை மேசை இழுப்பறையைத் திறந்து, தனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிவைத்திருந்த தாளை எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேசைமேல் வைத்தார்.

வல்லுநர் சிரித்தார். கோபமாகக்கூட இல்லை, இரக்கமாகச் சிரித்தார். "வேலை போகுதுன்னா மனுஷங்க என்ன வேணும்னாலும் சொல்வாங்க. பரவாயில்லைம்மா. இந்தாங்க, ஒரு தாள். இங்கயே வரைஞ்சு காட்டுங்க."

ஓவிய டீச்சர் வரைந்தாள். அதே இடது கையால்தான். வீடு, மரம், கைகோத்த நால்வர், பத்துக் கதிர். ஒவ்வொரு கதிராக எண்ணி எண்ணிப் போட்டாள். மூன்று பேரும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். முடித்ததும் வல்லுநர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நான்காவது படத்தை வகுப்பறையிலிருந்து வரவழைத்துப் பக்கத்தில் வைத்தார்.

"பாருங்க" என்றார் தலைவரிடம். "ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இது குழந்தை. இது பெரியவங்க. பார்த்தவுடனே தெரியுதா? இதுல பயம் இருக்கு, கணக்கு இருக்கு, கெஞ்சல் இருக்கு. வெகுளி எங்க? ஒரு பொட்டு இல்ல. அம்மா, தப்பா நினைக்காதீங்க. குழந்தை மாதிரி வரையறதுக்கு உங்களுக்கு வராது."

"எத்தனை மதிப்பெண் சார்?" என்று எழுதுகிறவர் கேட்டார்.

"நாலு போடுங்க. நாற்பதுக்கு."

தலைவரின் முகம் கடுகடுத்தது. "அஞ்சு வயசுப் பிள்ளைங்க உழைப்பை என்னுதுன்னு சொல்றதுக்கு எப்படிம்மா உங்களுக்கு மனசு வந்துச்சு? அதுங்க கையெழுத்து வேற இருக்கு. பேர் விஷயத்துல நாங்க கண்டிப்புன்னு சுற்றறிக்கையிலயே போட்டிருக்கோம். பாராட்டுப் பத்திரத்தை நிறுத்திவைக்கிறேன்."

விடுவிப்பு ஆணையில் அன்று பள்ளி விடும்வரை பணி என்று இருந்தது. எனவே கடைசி வகுப்பை எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குழுவின் வண்டி வாசலைத் தாண்டிப் போனது. முப்பத்தெட்டுப் படங்களையும் எல்லாப் பள்ளிகளுக்கும் மாதிரியாக அனுப்புவதற்கு அவர்களே எடுத்துப் போய்விட்டார்கள். வகுப்பறைச் சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஓவிய டீச்சர் அலமாரியைத் திறந்தாள். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று இருந்த வண்ணம் எல்லாவற்றையும் வாளி வாளியாகக் கரைத்துத் தரையில் வைத்தாள். தாளை எண்ணாமல் விநியோகித்தாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் முன்னால் வந்து தரையிலேயே உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு உங்க இஷ்டம். என்ன வேணும்னாலும் வரைங்க. சுவர்ல வேணும்னாலும் வரைங்க. யாரும் திட்ட மாட்டாங்க. டீச்சர் இருக்கேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. கறுப்பு வாளி சிட்டுவின் கால் பக்கத்திலேயே இருந்தது. சிட்டு அதைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். பாவாடை வண்ணத்தில் பட்டுவிடாமல் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வரைடா தங்கம்" என்றாள் ஓவிய டீச்சர். கெஞ்சினாள். "உனக்குத் தோணுறதை வரை. வீடு வரை. கரண்ட் போகட்டும்."

சிட்டு தன் தாளை இரண்டு கையாலும் எடுத்து, மரியாதையாக, டீச்சரின் மடியில் வைத்தாள்.

"நீங்க வரைஞ்சு குடுங்க டீச்சர். நாங்க பேர் எழுதித் தர்றோம்."

மற்ற முப்பத்தேழு பேரும் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.